'திங்' என்னும் சொல்லின் பொருண்மை வரலாறு

ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் பெயர்ச்சொற்களுள் 'திங்' என்பது ஒன்று. கண்ணாற் காணும் பண்டத்தையும், கருத்தாற் கொள்ளும் செய்தியையும், பெயர் தெரிந்ததையும் தெரியாததையும் அஃது ஒருங்கே சுட்டும். தனக்கெனத் தனிப்பொருண்மை ஒன்றும் இல்லாததுபோல் நிற்பதே அதன் இயல்பு எனலாம். ஆனால் அச்சொல்லே டென்மார்க்கில் நாட்டின் சட்டமன்றத்துக்குப் பெயராய் அமைந்துள்ளது; 'ஃபோல்கெட்டிங்' என்பது மக்கள் அவை. நார்வேயில் 'ஸ்டோர்ட்டிங்' என்பது பேரவை. ஐசுலாந்தில் 'அல்திங்கி' என்பது அனைவர்க்கும் உரிய அவை. ஒரு மொழியில் யாதொன்றையும் குறிக்கும் வெறுஞ்சொல், அதன் உடன்பிறந்த மொழியில் ஆட்சி மன்றத்தைக் குறிப்பது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு அகராதிகளும் கையேடுகளும் பெரும்பாலும் தரும் விடை ஒன்றே. 'அவை' என்பது பழம்பொருண்மை. அவையில் ஆராயப்பட்ட செய்தியை அச்சொல் பின்னர்க் குறித்தது. அதன்பின் எச்செய்தியையும், முடிவில் எப்பொருளையும் குறித்தது என்பர். இவ்விடை பிழையன்று; ஆயின் முழுமையுடையதும் அன்று. அவைக்கு முன்னும் ஒரு படி உண்டு என்பதையும், படிகளின் முறையறியாது கொள்ளுதலால் இலக்கிய உரையிலும் மெய்ப்பொருள் ஆராய்ச்சியிலும் இடர்ப்பாடுகள் நேர்ந்துள்ளன என்பதையும் ஈண்டுக் காட்ட விழைகின்றோம்.

தொடங்குமுன் சொல்லாட்சி பற்றி ஒன்று கூறவேண்டும். தமிழில் 'பொருள்' என்பது பண்டத்தையும் செல்வத்தையும் சொல் உணர்த்தும் கருத்தையும் குறிக்கும். பொருளைக் குறிக்கும் சொல்லின் பொருளைப் பேசப் புகும் கட்டுரையில் அது மயக்கந் தரும். ஆகலின் சொல் உணர்த்தும் கருத்தைப் 'பொருண்மை' என்றும், பண்டம் முதலியவற்றைப் 'பொருள்' என்றும் இக்கட்டுரை முழுதும் வழங்குவோம்.

முதற்கண் ஒலி வடிவத்தை நோக்குவாம். ஆங்கிலத்திலும் ஐசுலாந்தியத்திலும் இச்சொல்லின் முதலொலி பல்லிடத்துப் பிறக்கும் உரசொலி. செருமன், டச்சு ஆகியவற்றில் அஃது ஒலிப்புடைய வெடிப்பொலியாயிற்று. டேனியம், சுவீடியம், நார்வீசியம் ஆகியவற்றில் ஒலிப்பிலா வெடிப்பொலியாயிற்று. தமிழெழுத்தில் இவ்விரண்டும் 'டிங்' என்றே வடிவு பெறுதலின் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க. இத்திரிபு இச்சொல்லுக்கு மட்டும் உரியதன்று. மூன்று என்னும் எண்ணுக்கு ஆங்கிலத்தில் 'திரீ', செருமனில் 'டிரை', டேனியத்தில் 'ட்ரே' என வருதல் காண்க. வடமொழியில் 'த்ரி' எனவும் இலத்தீனத்தில் 'த்ரேஸ்' எனவும் வருவன இவற்றுக்கு முற்பட்ட தகர நிலையைக் காட்டுவன. செருமானிய மொழிகள் அத்தகரத்தை உரசொலியாக்கின என்பதை யாக்கோபு கிரிம் 1822ஆம் ஆண்டின் இலக்கணப் பதிப்பில் விதியாக நிறுவினார்.

ஆங்கிலம் ஒன்றையே நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. எண்ணுதலைக் குறிக்கும் 'திங்க்' என்பதும் இதுவும் ஒரே வேரின ஆகாவோ? நினைக்கப்படுவது பொருள் எனக் கொண்டால் விளக்கம் அழகாகவே அமையும். ஆனால் ஒலிவிதி அதற்கு இடந்தாராது. எண்ணுதலைக் குறிக்கும் சொல்லின் ஈற்றிலுள்ள ஒலிப்பிலா ஒலி, இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ஒலிப்புடைக் ககரத்தினின்று வந்தது. 'திங்' என்பதன் ஈற்றிலுள்ள ஒலிப்புடை ஒலியோ மூலமொழியின் ஒலிப்பிலாக் ககரத்தினின்று வந்தது. இரண்டும் தோற்றத்தில் நெருங்கி, பிறப்பில் வேறாயவை. ஒலியொப்புமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு சொற்பிறப்புக் கூறுவார் எம்மொழியிலும் உளராதலின், இவ்வெடுத்துக்காட்டை மாணவர் மறவாதிருத்தல் நன்று.

ஒலிப்பிலாக் ககரம் ஒலிப்புடையதாய் மாறியது எவ்வாறு? இதற்கு விடை கண்டவர் டேனிய அறிஞர் காரல் வெர்னர். கிரிம் கண்ட விதிக்குப் புறனடைபோல் நின்ற சொற்களை ஆராய்ந்து, மூலமொழியில் அழுத்தம் நின்ற இடமே அவ்வேறுபாட்டுக்குக் காரணம் என 1877இல் வெளியான கட்டுரையில் அவர் காட்டினார். வடமொழிப் 'பிராதா' என்பதில் வேத மொழியின் அழுத்தம் முதலசையில் விழும். 'பிதா' என்பதில் இரண்டாம் அசையில் விழும். இவற்றுக்கு இனமான செருமன் சொற்கள் 'புரூடர்', 'ஃபாட்டர்' என இடையொலி வேறுபட்டு நிற்றல் அப்பழைய அழுத்தத்தின் சுவடு. இதே வேறுபாடுதான் 'திங்' என்பதற்கும் கோதிய மொழிச் சொல் ஒன்றற்கும் இடையே உளது. அச்சொல் 'தீஹ்ஸ்' என்பது. வேரில் அழுத்தம் நின்றமையால் கோதியத்தில் ககரம் ஹகர ஒலியாய் நின்றது. அதன் முன்னிருந்த மெல்லொலி கெட, உயிர் நீண்டது. ஈற்றில் அழுத்தம் நின்ற உடன்பிறப்பு வடிவமே பிற மொழிகளில் 'திங்' ஆயிற்று.

ஒலியளவில் உடன்பிறந்ததாகிய இக்கோதியச் சொல்லின் பொருண்மை யாது? அவையன்று, செய்தியன்று, பண்டமும் அன்று. காலம் என்பதே அதன் பொருண்மை. நான்காம் நூற்றாண்டில் உல்பிலர் தலைமையில் நிகழ்ந்த விவிலிய மொழிபெயர்ப்பே செருமானியக் குடும்பத்தில் நமக்குக் கிடைக்கும் முதற் பெருநூல். அதனுள் தெசலோனிக்கருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத் தொடக்கத்தில், காலங்களையும் பருவங்களையும் பற்றிப் பேசும் இடத்தில் இச்சொல் வந்துள்ளது. கோதியத்தில் அவையைக் குறிக்க வேறு சொல் உண்டு. பொருளைக் குறிக்கவும் வேறு சொல் உண்டு. பின்னதைப் பற்றிக் கீழே கூறுவோம்.

ஆகவே இவ்விரு சொற்களுக்கும் பொதுவான தொன்மைப் பொருண்மை காலம், அல்லது குறித்த காலம் என்று கொள்வதே பொருத்தம். இதற்கும் அப்பால் சென்று, நீளுதல் என்னும் பொருண்மையுடைய வேரோடு இதனை இயைத்துக் 'கால நீட்சி' என விளக்குவாரும் உளர். அது கருதுகோளே. குறித்த காலம் என்பதோ எழுத்துச் சான்றின்மேல் நிற்பது.

காலத்தைக் குறித்த சொல் அவையைக் குறிக்குமோ என ஐயுறுவார்க்கு, அதே மொழிக்குடும்பம் பிற்காலத்தும் அவ்வழியே நடந்தமையைக் காட்டலாம். செருமனில் 'டாக்' என்பது நாள். அதனடியாகப் பிறந்த 'டாகென்' என்னும் வினை அவை கூடுதலைக் குறிக்கும். 'புண்டெஸ்டாக்' என்பது இன்றைய செருமனியின் நாடாளுமன்றம். 'லாண்டாக்' என்பது மாநிலச் சட்டமன்றம். சுவீடனின் நாடாளுமன்றம் 'ரிக்ஸ்டாக்'. இவை அனைத்தினும் ஈற்றில் நிற்பது நாள் என்னும் சொல்லே. ஐரோப்பிய அவைகளை ஆங்கிலத்தில் 'டயட்' என்று வழங்குவதும், நாளைக் குறிக்கும் இலத்தீன் 'தியேஸ்' என்பதன் தொடர்பால் நேர்ந்தது. கூடுதற்கு நாள் குறித்தலே பரந்து வாழும் மக்கட்கு முதன்மையானது. நாளின் பெயர் கூட்டத்தின் பெயராதல் இயல்பே.

உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டசு கி.பி. 98இல் செருமானியர் பற்றி எழுதிய நூலின் 11, 12ஆம் இயல்கள் இதற்கு அரண் செய்வன. திடீரென நேரும் இடுக்கண் ஒழிய, புதுமதியிலோ முழுமதியிலோ குறித்த நாளில் அவர்கள் கூடுவர் என்கின்றார். நாட்களைப் பகலால் எண்ணாது இரவால் எண்ணுவர், ஒருங்கு வந்து சேராமையால் இரண்டு மூன்று நாள் வீணாகும், படைக்கலத்தோடு அமர்வர், பூசகர் அமைதி நிறுத்துவர், ஏலாத கருத்தை முணுமுணுப்பால் தள்ளுவர், ஏற்ற கருத்தை ஈட்டிகளை மோதி ஒலியெழுப்பிக் கொள்வர் எனவும், குற்றச்சாட்டுகளும் அவ்வவையிலேயே கொணரப்படும் எனவும் கூறுகின்றார். காலந்தாழ்த்து வருதலைத் தம் உரிமையின் குறைபாடு என்று அவர் சிறிது எள்ளலோடு குறித்தல் நோக்கத்தக்கது. இலத்தீனத்தில் எழுதினாராகலின் அவையின் செருமானியப் பெயரை அவர் தரவில்லை. ஆயினும் நாள், அவை, வழக்கு என்னும் மூன்றும் அவர் உரையில் ஒருங்கே காணப்படுகின்றன.

அப்பெயரின் மிகப் பழைய சுவடு செருமனியில் அன்று, வட இங்கிலாந்தில் கிடைத்தது. ஆட்ரியன் மதிலை ஒட்டிய ஹவுஸ்டெட்ஸ் என்னும் கோட்டையிடத்தில் 1883இல் இரு பலிபீடக் கற்கள் வெளிப்பட்டன. இன்றைய நெதர்லாந்தின் துவெந்தே பகுதியினின்று உரோமப் படையிற் சேர்ந்து வந்த செருமானிய வீரர், 'மார்ஸ் திங்க்சுஸ்' என்னும் தெய்வத்துக்கும் அதனோடு இரு பெண் தெய்வங்களுக்கும் எடுத்தவை அவை. ஒரு கல் செவேருசு அலெக்சாந்தர் ஆண்ட 222 முதல் 235 வரையுள்ள காலத்தது. போர்த்தெய்வமாகிய மார்சுக்கு அவையின் பெயர் அடையாயிற்று. அவையைக் காக்கும் தெய்வம் என்பது கருத்து. பெண் தெய்வங்களின் பெயர்களாகிய பேடே, ஃபிம்மிலேனே என்பவற்றை, பழைய ஃபிரீசிய சட்ட நூல்களில் வரும் 'போட்திங்', 'ஃபிமெல்திங்' என்னும் இருவகை வழக்காடு அவைகளின் பெயர்களோடு அறிஞர் பலர் ஒப்பிடுவர். செவ்வாய்க்கிழமைக்கு டச்சு மொழியில் 'டின்ஸ்டாக்' என்றும், செருமனில் 'டீன்ஸ்டாக்' என்றும் வழங்கும் பெயர்கள் இத்தெய்வப் பெயரின் எச்சமே. இலத்தீனத்தில் அது மார்சின் நாள். ஆங்கிலர் அதனைத் 'தீவ்' என்னும் தெய்வத்தின் பெயரால் வழங்கினர். கீழைநாட்டாரும் தாழ்செருமன் நிலத்தாரும் அவைத் தெய்வத்தின் அடைமொழியால் வழங்கினர்.

அடுத்து வருவது இலங்கோபார்டியர் சான்று. இத்தாலியிற் குடியேறிய இச்செருமானியர்க்கு உரோத்தாரி மன்னன் 643இல் இலத்தீனத்தில் சட்டத் தொகுப்பு வகுத்தான். அதனுள் 'கைரெதிங்க்ஸ்' என ஒரு சொல் காணப்படுகின்றது. 'கைர்' என்பது ஈட்டி. ஈட்டியவை என்பது தொகையின் பொருண்மை. தம் குல முறைப்படி அவ்வாறு உறுதிசெய்யப்பட்டது அச்சட்டம் என நூல் கூறும். ஐந்தரை நூற்றாண்டுக்கு முன் டாசிட்டசு கூறிய ஈட்டியொலி ஈண்டு நினைவுக்கு வருகின்றது. அன்றியும் தனித்து நின்ற 'திங்க்ஸ்' என்பதற்கு அத்தொகுப்பே கொடை என விளக்கந் தருகின்றது. அவை அறியச் செய்த கொடையே செல்லும் ஆதலின் அவைப்பெயர் அங்கு நிகழ்ந்த செயலுக்கு ஏறியது. நாம் தேடும் அடுத்த மாற்றத்தின் தொடக்கம் இதுவே.

தமிழ் இலக்கணத்தார் ஆகுபெயர் என்று கூறுவது இவ்விரு மாற்றங்களையும் விளக்கப் போதுமானது. காலப்பெயர் அக்காலத்து நிகழ்வதற்கு ஆகி வருதலும், இடப்பெயர் அவ்விடத்து நிகழ்வதற்கு ஆகி வருதலும் நம் இலக்கணம் கண்டனவே. மேனாட்டுப் பொருண்மையியலாரும் இதனைத் தனிவகையாகவே வைத்துள்ளனர்.

வழக்கு என்னும் பொருண்மை ஊன்றிய இடங்களைச் சிறிது விரித்து நோக்குதல் தகும். ஏனெனில் இன்றைய மொழிகளில் அது மறைந்து உறைவது மிகுதி. செருமனில் 'டிங்கென்' என்னும் வினை, வழக்காடுதலைக் குறித்துப் பின்னர்ப் பேரம் பேசுதலையும் கூலிக்கு அமர்த்துதலையும் குறித்தது. அதனடியாகப் பிறந்த 'பெடிங்குங்' என்பது நிபந்தனை. டச்சில் 'கெடிங்' என்பது வழக்கு; விரைந்து தீர்க்கும் இடைக்கால முறையீட்டை இன்றும் அந்நாட்டு நீதிமன்றங்களில் 'கோர்ட் கெடிங்' என்பர். சுவீடனில் முதற்படி நீதிமன்றத்தின் பெயர் 'டிங்ஸ்ரெட்'. எல்லாவற்றினும் வியத்தக்கது செருமன் மொழியில் காத்தலைக் குறிக்கும் 'ஃபெர்டைடிகென்' என்னும் வினை. இடைக்காலத்தில் வழக்குக்குக் குறித்த நாள் 'டாகெடிங்க்' எனப்பட்டது. நாளும் அவையும் அதனுட் சேர்ந்துள்ளன. அது 'டைடிங்க்' எனக் குறுகி, அதனினின்று வழக்கில் ஒருவர்க்காக நின்று பேசுதலைக் குறிக்கும் வினை தோன்றி, இன்று கோட்டையைக் காத்தலுக்கும் கொள்கையைக் காத்தலுக்கும் பந்தாட்டத்தில் இலக்கைக் காத்தலுக்கும் பொதுவாயிற்று. அதனை வழங்கும் செருமானியர் எவர்க்கும் அதனுள் நாளும் தோன்றாது, அவையும் தோன்றாது.

பழைய ஆங்கிலத்திலும் இந்நிலை உண்டு. ஒருவர்க்காகப் பரிந்து பேசுவோன் 'திங்கெரே' எனப்பட்டான். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெண்ட் நாட்டை ஆண்ட ஹ்லோத்தேர், எயாட்ரிக் என்னும் மன்னர்களின் சட்டத்தில், ஒருவன்மேல் குற்றஞ்சாட்டும் இடத்தைக் கூறுங்கால் 'திங்' என்பது அவைப்பெயராகவே வந்துள்ளது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் தம் கதைத் தொகுதியின் முன்னுரையில் வழக்கறிஞர் ஒருவரைச் சித்திரிக்கும்போது, அவர் 'திங்' ஒன்றை எழுதி அமைப்பதில் வல்லவர் என்கின்றார். 'ஏதோ ஒன்றை எழுத வல்லவர்' என்று இன்றைய ஆங்கிலத்தை ஒட்டி உரைப்பது பொருந்தாது. ஆவணம், சட்டப்பத்திரம் என்பதே அங்கு உரை.

இதனினும் நுண்ணிய இடம் பேயோவுல்ஃப் காப்பியத்தில் உளது. உரோத்கார் மன்னன் அவைக்கு வந்த பேயோவுல்ஃப் தன்னை அறிமுகஞ் செய்யும் பேச்சில் இச்சொல் இருமுறை வருகின்றது. கிரெண்டலின் 'திங்' தன் நாட்டிலேயே தன் செவிக்கு எட்டியது என 409ஆம் அடியில் கூறுகின்றான்; அங்குக் கிரெண்டல் பற்றிய செய்தி என்பது போதும். 426ஆம் அடியில், அவ்வரக்கனோடு தான் தனியே 'திங்' நிகழ்த்துவேன் என்கின்றான். இங்கும் 'செய்தியை முடிப்பேன்' என்று உரைப்பார் உளர். ஆனால் உடன்வரும் வினையை நோக்கவேண்டும். 'கெஹேகன்' என்னும் அவ்வினை அவை நடத்துதற்கு உரியது. பழைய நார்சு மொழியிலும் அதன் இனமான வினையே 'திங்' என்பதோடு சேர்ந்து அவை கூட்டுதலைக் குறிக்கும். ஆகவே வீரன் கூறுவது, அரக்கனோடு தான் ஒருவனே வழக்காடு அவை கூட்டுவேன் என்பது. இக்கூற்றின் சுவை முன்னர் வந்த ஓரிடத்தை நினைந்தால்தான் விளங்கும். கிரெண்டல் எவரோடும் உடன்படிக்கை செய்ய இசையான். கொன்றவர்க்கு ஈடாகப் பொருள் தந்து பகை தீர்க்கவும் ஒருப்படான் எனக் காப்பியம் 154ஆம் அடியை அடுத்துக் கூறியுள்ளது. சட்டத்துக்குப் புறம்பான அவனை அவைக்கு அழைப்பேன் என்பது கடுமையான நகை. ஒரே பேச்சில் பதினேழு அடி இடையிட்டு ஒரு சொல்லின் இருபடிகள் நிற்கின்றன. இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்ப்பவர் அந்நகையை இழப்பர்.

இனி, வழக்கு எப்பொருட்கும் பொதுப்பெயராய் விரிந்தமையைக் காண்பாம். இம்மாற்றம் இச்சொல்லுக்கே உரிய விந்தையன்று. இலத்தீனத்தில் 'கௌசா' என்பது வழக்கு, காரணம். அதனினின்று வந்த இத்தாலியச் சொல்லும் எசுப்பானியச் சொல்லும் ஆகிய 'கோசா', பிரெஞ்சுச் சொல் 'ஷோஸ்' ஆகியன இன்று வெறும் பொருளைக் குறிப்பன. செருமனில் பொருளைக் குறிக்கும் மற்றொரு சொல்லாகிய 'சாஃக்கெ' என்பதன் பழைய பொருண்மை பூசல், வழக்கு என்பது. எதிரியைக் குறிக்கும் 'வீடெர்சாஃகெர்' என்பதில் அப்பழமை இன்றும் உளது. ஆங்கிலத்தில் இதன் இனச்சொல் 'சேக்' என்பது, 'பொருட்டு' என்னும் அளவில் சுருங்கி வாழ்கின்றது. தொடர்பற்ற இருவேறு செருமானியச் சொற்களும் ஓர் இலத்தீன் சொல்லும் ஒரே வழியிற் சென்றமை தற்செயலாகாது. மன்றத்திற் பேசுவோர்க்கு, நிலமோ கால்நடையோ கொலையோ மணமோ எதுவாயினும் ஒரே பெயராற் சுட்டவேண்டிய தேவை உண்டு. 'இவ்வழக்கு' என்பது எதனையும் உள்ளடக்கும் கொள்கலம். அக்கொள்கலம் மன்றத்தினின்று தெருவுக்கு வந்தபோது சட்ட மணம் நீங்கிற்று. கொள்ளும் இயல்பு எஞ்சிற்று. தமிழ் 'வழக்கு' என்னும் சொல்லை இவற்றோடு வைத்து எண்ணத் தோன்றும். ஆனால் உலக நடை, சொல் நடை, நீதிமன்றப் பூசல் ஆகியவற்றை உணர்த்தும் அச்சொல் பொருட்பொதுப்பெயர் ஆகவில்லை. அதன் வழி வேறு.

பழைய ஆங்கிலத்தில் இவ்விரிவு 9, 10ஆம் நூற்றாண்டு உரைநடையிலேயே நன்கு காணப்படுகின்றது. காரணம், வகை, முறை என்னும் பொருண்மைகளில் வரும் தொடர்கள் பல. 'எவ்வாற்றானும்' என நாம் கூறும் இடத்தில் இச்சொல்லின் பன்மை வேற்றுமை வடிவம் வரும். அருவச் செய்திகளே முதலில். கையாற் பிடிக்கும் பண்டம் பின்னர். அகராதி அமைப்போர் இன்று பண்டத்தை முதலில் வைத்தல் கற்போர்க்கு எளிதாகலாம். வரலாற்று முறை அதற்கு நேர்மாறு.

பொதுப்பெயராய் விரியுங்கால் இச்சொல் வேறொரு சொல்லை வெளியேற்றியது. கோதியத்தில் பொருளைக் குறிக்கும் சொல் 'வெஹ்ட்ஸ்'; பழைய ஆங்கிலத்தில் அதன் இனம் 'விஹ்ட்'. அஃது உயிரையும் பொருளையும் சுட்டிய பழம் பொதுப்பெயர். எதிர்மறையோடு சேர்ந்து 'ஒன்றுமில்லை' என்னும் தொடராகி, அத்தொடர் தேய்ந்து இன்றைய ஆங்கில எதிர்மறை 'நாட்' எனவும் செருமன் எதிர்மறை 'நிக்ட்' எனவும் ஆயிற்று. பொதுப்பெயர் இவ்வாறு எதிர்மறைத் துகளாய்த் தேய்ந்தபின், 'ஒன்றுமில்லை' எனத் தெளிவாகக் கூறப் புதிய பொதுப்பெயர் வேண்டிற்று. 'நத்திங்', 'சம்திங்', 'எனிதிங்' என்னும் ஆங்கிலச் சொற்களும், சுவீடியத்தின் 'இங்கென்டிங்', 'நோகொன்டிங்' என்பனவும் அவ்விடத்தை நிரப்பின. 'விஹ்ட்' என்பதோ ஆங்கிலத்தில் பழங்கவிதைச் சொல்லாய் ஒதுங்க, ஐசுலாந்தியத்தில் காவல் தெய்வங்களையும் ஆவிகளையும் குறிக்கும் பெயராய் நின்றது.

ஆங்கிலம் அவைப் பொருண்மையை இழக்க, வடநாட்டு மொழிகள் அதனைக் காத்தமைக்குக் காரணம் யாது? ஆங்கிலர்க்கு அவையைக் குறிக்க 'கெமோட்' என்னும் வேறு சொல் வலிமை பெற்றிருந்தது. சான்றோர் அவையும் ஊரவையும் அப்பெயராலேயே வழங்கின. போட்டியில் 'திங்' அவையை விட்டுச் செய்தியைப் பற்றிக்கொண்டது. வடநாட்டிலோ அவையே நாட்டின் கட்டமைப்பு. ஐசுலாந்தில் 930இல் நிறுவப்பட்ட அல்திங்கி, ஆண்டுதோறும் கோடையில் குறித்த வாரத்து வியாழனன்று திங்வெல்லிர் வெளியில் கூடிற்று. சட்டம் உரைப்போன் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மூவாண்டில் சட்டம் முழுதையும் நினைவினின்று ஓதினான். 1800இல் கலைக்கப்பட்ட அவ்வவை 1845இல் ரேக்யவிக்கில் மீண்டும் கூடியது. இத்தகைய அவைக்குரிய சொல் ஏனைப் பண்டங்கட்கும் பெயராயின் இடர் அன்றோ? ஐசுலாந்தியம் பங்கு, சீட்டு என்னும் பொருண்மையுடைய 'ஹ்லூதுர்' என்னும் சொல்லைப் பொருட்பெயராகப் பெரிதும் ஆண்டது. டேனியமும் நார்வீசியமும் வேறு வழி கண்டன. அவற்றில் 'டிங்' என்பது அவையைக் குறிக்குங்கால் அலிப்பாலாகவும் பொருளைக் குறிக்குங்கால் பொதுப்பாலாகவும், அல்லது ஆண்பாலாகவும் வரும். ஒரு சொல் இரண்டாயிற்று. பிரித்துக் காட்டுவது இலக்கணப்பால் ஒன்றே.

வடநாட்டார் குடியேறிய இடமெல்லாம் அவைப்பெயர் நிலத்தில் ஊன்றியது. செட்லாந்துத் தீவின் டிங்வால், இசுகாட்லாந்தின் டிங்வால், இங்கிலாந்தின் மேற்கில் விரல் குடாநாட்டுத் திங்வால் ஆகியன யாவும் அவைவெளி என்னும் ஒரே தொகையின் திரிபுகள். ஆங்கில மொழிக்குள்ளும் அது புறவழியாய் மீண்டது. மன்னன் தன் இல்லத்தாரோடு கூடும் 'ஹூஸ்திங்' என்னும் நார்சுச் சொல், இலண்டன் நகர நீதிமன்றத்தின் பெயராகி, பின்னர் நாடாளுமன்ற வேட்பாளரை முன்மொழியும் மேடைக்குப் பெயராகி, 1872இல் மறைவாக்குச் சட்டத்தால் அம்மேடை ஒழிந்த பின்னும் தேர்தற் பரப்புரை என்னும் பொருண்மையில் 'ஹஸ்டிங்ஸ்' என வாழ்கின்றது.

மேற்கூறிய வரலாறு புலமைக்கு அப்பாலும் பயன்கொள்ளப்பட்டுள்ளது. 1933ஐ அடுத்த ஆண்டுகளில் நாசி ஆட்சியினர், பண்டைச் செருமானிய அவையை உயிர்ப்பிப்பதாகக் கூறித் திறந்தவெளி அரங்குகளை எழுப்பினர். அவற்றுள் ஒன்று 1935இல் ஐடெல்பெர்க்கு மலைமேல் திறக்கப்பட்டது. செருமனில் வழங்கும் 'டிங்' என்னும் எழுத்தை விடுத்து, வடநாட்டு வடிவைப் பின்பற்றிய பழமைத் தோற்றமுள்ள எழுத்தையே அவற்றுக்குப் பெயராக்கினர். டாசிட்டசு கூறிய அவையில் முணுமுணுத்துத் தள்ளும் உரிமை இருந்தது; இவ்வரங்குகளில் அஃது இல்லை. சொல்லின் தொன்மை நடப்பின் பொய்ம்மைக்குப் போர்வையாயிற்று.

இதனோடு ஒருங்கெண்ணத் தகாத, ஆயினும் ஆராயத்தக்க மற்றொரு பயன்பாடு மெய்ப்பொருளறிஞர் ஹைடெகர் 1950இல் மூனிக்கில் ஆற்றிய 'பொருள்' என்னும் சொற்பொழிவில் உளது. பழைய உயர்செருமன் சொல் கூட்டுதலைக் குறித்தது என்பதை எடுத்து, பொருளின் இயல்பே கூட்டிவைத்தல் என அவர் விரித்தார். தம் கருத்து சொற்பிறப்பின் தற்செயலில் நிற்பதன்று என அவர் காத்துரைத்தார் எனினும், அவரைப் பின்பற்றியவர் பலர் அதனைச் சொல்லின் முதல் உண்மையாகவே எடுத்துக்கொண்டனர். பிரெஞ்சு அறிஞர் லத்தூர் 2005இல் அவையும் பொருளும் ஒரே சொல்லாதலை வைத்து அரசியற் கோட்பாடு ஒன்று அமைத்தார். கோட்பாடுகளின் வலிமையை அவ்வத்துறையார் ஆய்க. மொழியாராய்ச்சி கூறத்தக்கது இது: கூடுதல் என்பது இச்சொல்லின் வேர்ப்பொருண்மை அன்று, இடைநிலைப் பொருண்மை. தொன்மையே உண்மை எனக் கொள்வோர் காலம் என்பதையன்றோ பொருளின் இயல்பாகக் கூறவேண்டும்? அவ்வாறு எவரும் கூறாமையே, அவர்கள் தொன்மையைப் பின்பற்றவில்லை, தமக்கு இசைந்த ஒரு படியைத் தேர்ந்துகொண்டனர் என்பதைக் காட்டும்.

காலம், அவை, சட்டம் என்னும் பழைய பொருண்மைகள் ஒருங்கே நிற்றலைக் காண விழைவார் இன்றும் மான் தீவில் காணலாம். அத்தீவின் சட்டமன்றத்தின் பெயராகிய 'டின்வால்ட்' என்பது திங்வெல்லிர் என்பதன் உடன்பிறந்த சொல். பழைய நாட்காட்டியின் கோடை நடுநாளாகிய சூலை 5ஆம் நாள், அது வாரவிடுமுறையில் விழின் அடுத்த திங்கட்கிழமை, செயிண்ட் ஜான்ஸ் என்னும் ஊரிலுள்ள படிமேட்டில் அவ்வவை கூடுகின்றது. அலுவலர் ஒருவர் அவைக்கு வேலியிடும் பழஞ்சொற்களை ஓதிய பின், அவ்வாண்டின் சட்டங்கள் மாங்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் குழுமியோர் கேட்க அறிவிக்கப்படுகின்றன.